கையில் வந்து சேர்ந்த பழைய லென்ஸ்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து

பார்சலைப் பிரித்து லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது மனசு விட்டுப்போயிற்று. கண்ணாடி முழுக்க மஞ்சள். லேசான மஞ்சள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இது இரண்டாம் டிக்காஷன் நிறம். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் தாளே பல வருடம் பரணில் கிடந்தது போலத் தெரிந்தது. விற்றவர் அனுப்பிய படங்களில் இது தெரியவில்லை.

லென்ஸ், ஜப்பானின் ஆசாஹி நிறுவனம் 1960களில் செய்த சூப்பர் டாக்குமார் 50 மிமீ, எஃப் 1.4. திருப்பி அனுப்பிவிடலாம் என்று டப்பாவில் வைக்கப் போனவன், சும்மா ஒருமுறை ஃபோகஸ் வளையத்தைத் திருகினேன். அதோடு அந்த எண்ணம் போய்விட்டது. எந்த இடத்திலும் இறுக்கம் இல்லை, தளர்ச்சியும் இல்லை. விரலை எடுத்த இடத்தில் அப்படியே நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் யார் யார் கையிலோ சுற்றி வந்த ஒரு பொருள், நேற்று செய்தது போல நகர்ந்தது. கண்ணாடியின் நிறத்துக்கு ஏதாவது வழி இருக்கும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

வழி இருந்தது. இந்த லென்ஸின் ஏழு கண்ணாடி கொண்ட வடிவத்தில், ஒரு கண்ணாடிக்குத் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கிறார்கள். தோரியம் சேர்ந்தால் ஒளியை அதிகம் வளைக்கும், ஆனால் நிறங்களை அதிகம் பிரிக்காத கண்ணாடி கிடைக்கும். லென்ஸ் வடிவமைப்பவருக்கு அது பெரிய வரம். ஆனால் தோரியம் மெல்லக் கதிர்வீசும். அந்தக் கதிர்வீச்சு பல வருடங்களில் கண்ணாடிக்குள்ளேயே நிறக்குறைகளை உண்டாக்கி மஞ்சளாக்கிவிடும். புற ஊதா ஒளி பட்டால் அந்தக் குறைகள் கலையும். அதாவது, வெயிலில் வைத்தால் வெளுக்கும்.

சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்? மறுநாளே மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். முதல் நாள் பெரிய தவறு செய்துவிட்டேன். ஒரு நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு, லென்ஸைச் சூரியனைப் பார்த்தபடி சாய்த்து வைத்துவிட்டுக் கீழே வந்தேன். கால் மணி நேரம் கழித்து மேலே போனால் கருகிய வாசனை. லென்ஸின் பின்பக்கமிருந்து வெளிச்சம் குவிந்து துண்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து கவனமாக இருங்கள், இது சாதாரண விஷயம் இல்லை. அதன் பிறகு எவர்சில்வர் தட்டில் அலுமினியம் ஃபாயில் விரித்து, லென்ஸை நேராக நிற்க வைத்து, பின்கண்ணாடி ஃபாயிலை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அப்பர்ச்சரை, அதாவது உள்ளே வெளிச்சத்துக்கு வழிவிடும் துளையை, முழுக்கத் திறந்துவிட வேண்டும். தினம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் வைத்தேன். உச்சி வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகிவிடும் என்ற பயம்.

நான்காம் நாள் மாற்றம் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன், தாள் வெள்ளையாக இருந்தது. அன்று மாலை முதல் படமாக, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் வேட்டியை எடுத்தேன். துளை முழுக்கத் திறந்திருக்கும் எஃப் 1.4-இல் வேட்டியின் கரை மட்டும் கூர்மை, மற்றதெல்லாம் பால் போல. துளையைச் சுருக்கி எஃப் 4-க்குக் கொண்டுவந்ததும் அதே வேட்டியின் நூலிழைகளை எண்ணலாம் போல இருந்தது. ஒரே லென்ஸுக்குள் இப்படி இரண்டு குணம்.

ஆனால் நான் இதை எழுத ஆரம்பித்தது படங்களைப் பற்றிச் சொல்ல அல்ல, அந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல. அதன் உடம்பு முழுக்க உலோகம். எண்களை அச்சடிக்கவில்லை, பொறித்து உள்ளே பெயின்ட் நிரப்பியிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் பள்ளம் தெரியும். தூர அளவு அடியிலும் மீட்டரிலும் இருக்கிறது. அதற்குக் கீழே நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் அப்பர்ச்சர் எண்கள் விசிறி போல விரிகின்றன. அப்பர்ச்சரை 11-இல் வைத்து, முடிவிலிக் குறியை ஒரு பக்கத்து 11-க்கு நேராகத் திருப்பிவிட்டால், மறுபக்கத்து 11 கிட்டத்தட்ட நான்கு மீட்டரில் நிற்கும். நான்கு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும் என்று அர்த்தம். கணக்குப் போட வேண்டாம், கேமராவைக் கண்ணில் வைக்கக்கூட வேண்டாம். ஓர் ஒளியியல் சூத்திரத்தை வளையத்தில் செதுக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சிவப்புக் குறி உண்டு. அகச்சிவப்பு ஃபிலிம் போடுகிறவர்களுக்கு, ஃபோகஸை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்லும் குறி. ஆயிரத்தில் ஒருவர்தான் அந்த ஃபிலிமைப் போட்டிருப்பார். அந்த ஒருவரையும் நினைத்து ஒரு குறி.

டாக்குமார் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஆசாஹியைத் தொடங்கிய குமாவ் கஜிவாராவின் சகோதரர் டாக்குமா. அமெரிக்காவில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர், ஓவியர். அவர் பெயர்தான் லென்ஸில் இருக்கிறது. 

சரி, உங்கள் கையில் வந்து சேர்ந்தது எது? எப்படி வந்தது? அதில் எந்த ஒரு விஷயம் உங்களைப் பிடித்து வைத்தது? எழுதுங்கள்.


கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, வேட்டிக் கரையைப் படித்ததும் என் கதையையும் எழுதத் தோன்றியது.

என் பெரியமாமா சோவியத் காலத்தில் அங்கே பொறியியல் படித்தவர். திரும்பி வரும்போது ஒரு ஜெனிட் கேமரா கொண்டுவந்தார். செங்கல் கனம் இருக்கும். எனக்குத் தெரிந்து வீட்டில் யாரும் அதில் படம் எடுத்ததில்லை. மாமா போன பிறகு அத்தை அதை என்னிடம் கொடுத்தார்கள். ஷட்டர் திரை நைந்து போயிருந்தது. லென்ஸை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஹீலியோஸ் 44-2, 58 மிமீ, எஃப் 2. வரிசை எண் 79 என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருடத்தைக் குறிக்கும் என்பார்கள். மாமா அங்கே இருந்த காலத்துக்கும் அது பொருந்துகிறது.

இந்த லென்ஸின் மூலம் ஜெர்மனியில், யேனா நகரத்து கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸ். அதே 58 மிமீ, அதே எஃப் 2, அதே ஆறு கண்ணாடி. போருக்குப் பிறகு ரஷ்யர்கள் அதைத் தங்கள் நாட்டுக் கண்ணாடிக்குத் தகுந்தபடி மாற்றிச் செய்தார்கள். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னோகோர்ஸ்க், அப்புறம் வல்தாய், மின்ஸ்க் என்று மூன்று ஊர்த் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் செய்தார்கள். அதனால்தான் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது.

இதைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் பின்னணி சுழல்வதைப் பற்றித்தான் பேசுவார்கள். உண்மைதான், சுழலும். எங்கள் தெருவில் ஒரு புங்க மரம் இருக்கிறது. அதன் முன்னால் என் மகளை ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிறுத்தி எஃப் 2-இல் எடுத்தேன். இலை இடுக்கில் விழுந்த வெளிச்சப் பொட்டெல்லாம் அவள் தலையைச் சுற்றி வட்டமாக ஓடின. படத்தின் ஓரத்துக்குப் போகப் போக, வெளிச்சம் லென்ஸ் குழாயின் விளிம்பில் பட்டுக் கொஞ்சம் வெட்டுப்படும். அதனால் வட்டப் பொட்டு பூனைக் கண் போலக் குறுகும். அந்தக் கண்களெல்லாம் மையத்தைச் சுற்றி வரிசை கட்டுவதால் சுழல்வது போலத் தோன்றும். எஃப் 4-க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால் சுழலுக்காக மட்டும் இதை வாங்குகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். எனக்கு இதில் பிடித்தது அப்பர்ச்சருக்கான இரட்டை வளையம். ஒரு வளையத்தில் 5.6 என்று வைத்துவிட வேண்டும், அது டக்கென்று உட்காரும். இன்னொரு வளையம் சத்தமே இல்லாமல் வழுக்கும். அதை முழுக்கத் திறந்து, நல்ல வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் வளையத்தைத் திருப்பினால் சரியாக 5.6-இல் போய் முட்டி நிற்கும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே எந்த நெம்புகோலும் தேவைப்படாத காலத்து ஏற்பாடு. இருட்டில்கூட விரல் கற்றுக்கொண்டுவிடும். என் மகளுக்கு ஒன்பது வயது, பத்து நிமிடத்தில் பழகிவிட்டாள். உள்ளே அப்பர்ச்சர் துளையைச் சுருக்கும் எட்டு இதழ்கள், மூடும்போது ஒன்றன் மேல் ஒன்று படிவதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.


தஞ்சாவூரிலிருந்து

நான் இதற்குப் புதுசு. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. முதல் பதிவில் தோரியம், கதிர்வீச்சு என்று படித்ததும் பயமாகிவிட்டது. அந்த லென்ஸை வீட்டில் வைத்திருப்பது சரியா?


சென்னையிலிருந்து

கேட்டது நல்லது. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி வருடம். அவ்வளவு மெதுவாகச் சிதைகிற பொருள் என்பதால் எந்த நேரத்திலும் வெளிவரும் கதிர் குறைவு. அதிலும் ஆல்ஃபா கதிர்கள் கண்ணாடியையும் உலோகத்தையும் தாண்டாது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. செய்யக்கூடாதது இரண்டு. அந்தக் கண்ணாடியைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பூதக்கண்ணாடி போலப் பார்க்க வேண்டாம். உடைந்தாலோ கீறினாலோ அந்தத் தூள் உடம்புக்குள்ளே போகக்கூடாது. எங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் வந்து போகிறார்கள், நான் அதை உயரத்தில் மூடிய அலமாரியில்தான் வைக்கிறேன். மனசு சமாதானமாகவில்லை என்றால் தோரியம் இல்லாத நல்ல பழைய லென்ஸ்கள் எவ்வளவோ இருக்கின்றன, ஹீலியோஸ் உட்பட.


கும்பகோணத்திலிருந்து

தம்பிகள், தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். நாற்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். இப்போது கடை இல்லை, சாமான்கள் மட்டும் இருக்கின்றன.

எங்கள் காலத்தில் இவற்றைப் பழைய லென்ஸ் என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் லென்ஸ். ஸ்டுடியோவில் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. அதில் 80 மிமீ, எஃப் 3.5, நாலு கண்ணாடி. ஊட்டியில் செய்த இந்து ஃபிலிமும் இந்து பேப்பரும்தான் அதிகம் ஓடும். பாஸ்போர்ட் போட்டோ, பெண் பார்க்க அனுப்பும் போட்டோ, குழந்தைக்குக் காது குத்திய போட்டோ, எல்லாம் அந்த நாலு கண்ணாடி வழியாகத்தான் போயிற்று.

எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு நிக்கான் 105 மிமீ, எஃப் 2.5 வாங்கினேன். அதன் விலைக்கு அன்று ஒரு நல்ல பசு மாடு வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி சொன்னது நினைவிருக்கிறது. முதல் கல்யாணத்தில் பெண்ணை மணவறையில் ஒரு பக்கமாக நின்று எடுத்தேன். பிரிண்ட் வந்ததும் பெண்ணின் அப்பா அதை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த இடமும் வீங்கவில்லை, மூக்கு முன்னால் வரவில்லை, பின்னால் நின்ற கூட்டம் கலைந்து நிறமாக மட்டும் இருந்தது. 105 மிமீயில் எடுக்க வேண்டும் என்றால் நீங்கள் இரண்டு எட்டு பின்னால் போகத்தான் வேண்டும், அந்த விலகல்தான் முகத்தை ஒழுங்காகக் காட்டுகிறது. 1984-இல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கானியச் சிறுமியின் படம் உலகம் முழுக்கத் தெரியும். அது இதே 105 எஃப் 2.5 லென்ஸில் எடுத்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 

முதல் பதிவில் தம்பி எண்களைப் பற்றிச் சொன்னார். நிக்கான் இன்னும் ஒரு படி மேலே போனது. அப்பர்ச்சர் எண் என்ன நிறமோ, தெளிவு எல்லையைக் காட்டும் கோடும் அதே நிறம். கல்யாண வீட்டு அவசரத்தில் எண்ணைப் படிக்க நேரம் இருக்காது, நிறத்தைப் பார்த்தால் போதும். முன்னால் இருக்கும் வளையத்தை இழுத்தால் வெயில் மறைப்பு, தள்ளினால் உள்ளே போய்விடும், தனியாகத் தூக்க வேண்டாம், தொலைக்க வேண்டாம். ஃபில்டர் 52 மிமீ. என்னிடம் இருந்த 28, 50, 105 மூன்றுக்கும் ஒரே மூடி, ஒரே ஃபில்டர். பெட்டியைத் தூக்கி அலைகிறவனை யோசித்துச் செய்த பொருள் இது என்று அப்போதே நினைப்பேன்.

ஒரு வருத்தமும் சொல்ல வேண்டும். காவிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் சுவரிலிருந்தே வரும். என் 28 மிமீயைத் தோல் உறைக்குள் போட்டு இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டேன். திறந்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. வெளியூரில் ஒரு கடையில் கொடுத்தேன். சுத்தம் செய்து கொடுத்தார்கள், ஆனால் முன் வளையத்தைக் குறடு போட்டுத் திருகிப் பெயர் பொறித்த இடத்தையே சீவிவிட்டார்கள். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடி மேல் பூசியிருந்த மெல்லிய கோட்டிங்கையும் தின்றிருந்தது, அந்தத் தடம் இன்றும் இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துவிடும். அதற்குப் பிறகு ஒரு மர அலமாரி செய்து, உள்ளே ஜீரோ வாட் பல்பு போட்டு, இரவும் பகலும் எரிய விட்டேன். தோல் உறை எதையும் உள்ளே வைக்கவில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 105-க்கு இதுவரை ஒரு பொட்டுப் பூஞ்சை வரவில்லை.


ஜேர்மனி, டோர்ட்முண்டிலிருந்து

ஐயாவின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இங்கே வந்து முப்பது வருடம் கடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழஞ்சாமான் சந்தைக்குப் போவது எனக்குக் கோயிலுக்குப் போவது மாதிரி. மேசையில் கோப்பை, கடிகாரம், சப்பாத்து என்று கிடக்கும். அதற்கு நடுவில் சில நேரம் ஒரு கமெரா கிடக்கும்.

அப்படித்தான் ஒரு டெசார் 50 மிமீ, எஃப் 2.8 எடுத்தேன். பக்கவாட்டில் வெள்ளியும் கறுப்பும் மாறி மாறிக் கோடு போட்ட வடிவான லென்ஸ். வரிக்குதிரை என்றுதான் சேகரிப்பவர்கள் சொல்லுவார்கள். அதில் கார்ல் ஸைஸ் என்ற பெயர் இல்லை, யேனாவிலிருந்து என்று மட்டும் பொறித்திருந்தது. போலியோ என்று நினைத்தேன். விற்ற முதியவர்தான் விளங்கப்படுத்தினார். போர் முடிந்தபோது அமெரிக்கர்கள் யேனாவிலிருந்து ஸைஸின் முக்கியமான ஆட்களை மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். பிறகு வந்த சோவியத் படை இயந்திரங்களைக் கிழக்கே கொண்டுபோனது. ஒரு நிறுவனம் இரண்டானது. பெயர் யாருக்கு என்று வழக்கு நடந்தது. அதனால் கிழக்கு ஜேர்மனியில் செய்து மேற்கு நாடுகளுக்கு அனுப்பிய லென்ஸ்களில் ஸைஸ் என்று போட முடியவில்லை, ஊரின் பெயரைப் போட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் ஊர்ப் பெயரைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்டிய ஒரு பொருள். அதை வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

டெசார் 1902-இல் ஸைஸ் நிறுவனத்தின் பவுல் ருடோல்ஃப் வடிவமைத்தது. கிரேக்க மொழியில் நான்கு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். நாலே நாலு கண்ணாடி, அதில் இரண்டு ஒட்டியவை. கழுகுக் கண் என்று விளம்பரம் செய்தார்கள். ஐயாவின் யாஷிகாவில் இருந்ததும் இதே டெசார் வகைதான். யேனாவில் பிறந்த ஒரு யோசனை கும்பகோணத்தில் பெண் பார்க்கும் படம் எடுத்திருக்கிறது!

ஐயா கோட்டிங் போனதைப் பற்றி எழுதியதால் ஒன்று சொல்லுகிறேன். கோட்டிங் இல்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டுப் பரப்பு இருந்தால் கால் பங்குக்கு மேல் போய்விடும். போன வெளிச்சம் உள்ளேயே அலைந்து படத்தை வெளுக்க வைக்கும். 1896-இல் ருடோல்ஃப் வடிவமைத்த பிளானார் அற்புதமான லென்ஸ், ஆனால் இந்தப் பரப்புகளால் பல காலம் ஓரமாகக் கிடந்தது. லுட்விக் பெர்டெலே என்பவர் சொன்னார் (Sonnar) என்ற லென்ஸைச் செய்தபோது கண்ணாடிகளை ஒட்டி ஒட்டி மூன்றே கூட்டமாக்கினார். காற்றைத் தொடும் பரப்பு ஆறுதான். அதனால்தான் 1930களில் கோட்டிங் இல்லாமலேயே எஃப் 1.5 லென்ஸில் தெளிவான படம் வந்தது.

1890களில் இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வல்லுநர் ஒன்றைக் கவனித்தார். பழசாகி மேற்பரப்பு நிறம் மாறிப்போன லென்ஸ்கள், புதுக் கண்ணாடியைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டன. காலம் பூசிய மெல்லிய படலம் ஒளி திரும்புவதைக் குறைத்திருந்தது. 1935-இல் யேனாவில் அலெக்சாந்தர் ஸ்மக்குலா, வெற்றிடத்தில் மெல்லிய படலம் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிப் பூசிய லென்ஸ்களில் சிவப்பு நிறத்தில் ஒரு எழுத்துப் பொறித்தார்கள், பிளானாரும் திரும்ப எழுந்தது. என் டெசாரைச் சரித்துப் பார்த்தால் ஒரு மெல்லிய ஊதா தெரியும். காலையில் கோப்பி குடிக்கும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.


திருச்சியிலிருந்து

நான் பழுது பார்க்கிறவன். முதலில் கடிகாரம், இப்போது பெரும்பாலும் லென்ஸ். குறடு போட்ட கதையைப் படித்து எனக்கு வலித்தது. அந்த முன் வளையத்தை ரப்பர் அடைப்பானை அழுத்தித் திருகினாலே கழன்றுவிடும்.

போன மாதம் ஒரு ஜூப்பிட்டர் 8 வந்தது. ஜேர்மனி அண்ணன் எழுதிய அதே சொன்னார் வடிவம்தான், போருக்குப் பிறகு சோவியத்தில் செய்தது. ஃபோகஸ் வளையம் அசையவே இல்லை. கொண்டுவந்தவர் வாசலில் நின்றுகொண்டே, இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். நான் உட்காரச் சொன்னேன்.

மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தேன். மூன்று சின்ன ஸ்க்ரூ, ஒரு வளையம், அப்புறம் கண்ணாடிக் கூட்டம் முழுசாக ஒரே துண்டாகக் கையில் வந்துவிட்டது. கண்ணாடியைத் தொடாமலேயே மிச்ச வேலையைச் செய்யும்படி அதை வைத்திருக்கிறார்கள். உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகி இருந்தது. மரை போட்ட இரண்டு குழாய்களையும் பிரிக்கும்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த மரை ஒன்றல்ல, பல தொடக்கங்கள் உள்ள மரை. எந்த இடத்தில் கழன்றதோ அதே இடத்தில் கோர்க்கவில்லை என்றால் தூர அளவு எல்லாம் பொய்யாகிவிடும். அதனால் மெல்ல மெல்லத் திருகி, இரண்டும் விடுபடும் அந்த நொடியில் நிறுத்தி, ஊசியால் இரண்டிலும் ஒரு கீறல் போட்டேன். போடப் போனபோது அங்கே ஏற்கனவே ஒரு கீறல் இருந்தது. சின்னது, நேரானது. எனக்கு முன்னால் யாரோ, எந்த ஊரிலோ, இதைப் பிரித்து இதே இடத்தில் அடையாளம் வைத்து ஒழுங்காகத் திரும்ப மாட்டியிருக்கிறார். என் கீறல் அவர் கீறலுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

பெட்ரோல் போட்டுக் கழுவினேன். பித்தளையும் அலுமினியமும் பளிச்சென்று வந்தன, மரையில் தேய்மானம் கொஞ்சமும் இல்லை. புது கிரீஸ் கடுகளவு தடவினேன். அதிகம் தடவினால் பிறகு எண்ணெய் பிரிந்து இதழ்களுக்குப் போகும். கீறலைக் கீறலோடு சேர்த்து மாட்டினேன். முடிவிலிக்குத் தெருமுனைக் கோபுரத்தைப் பார்த்துச் சரி செய்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். அவர் வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி மறுபடி திருப்பிக்கொண்டே இருந்தார்.

என்னிடம் வருகிற புது லென்ஸ்களும் உண்டு. அவற்றின் படம் இன்னும் கூர்மை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே மோட்டார், நாடா, சின்ன சர்க்யூட். அது போய்விட்டால் அதே பாகம் வேண்டும், பாகம் வருவது நின்றுவிட்டால் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஜூப்பிட்டரைச் செய்தவர்கள், பின்னால் ஒருவன் இதைத் திறப்பான் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். ஸ்க்ரூ இருக்கும் இடத்தைப் பார்த்தாலே தெரிகிறது.


தஞ்சாவூரிலிருந்து

எல்லாவற்றையும் படித்துவிட்டு நானும் ஒன்று வாங்கிவிட்டேன். சூப்பர் டாக்குமார் 55 மிமீ, எஃப் 1.8. கண்ணாடி வெளுப்பாகத்தான் இருக்கிறது. மிரர்லெஸ் கேமராவுக்கு அடாப்டர் மாட்டிப் பார்த்தேன், முடிவிலி வரை ஃபோகஸ் வருகிறது. அடாப்டருக்குள் கண்ணாடியே இல்லையே, வெறும் குழாயாக இருக்கிறதே, அது சரிதானா? அப்புறம், அப்பர்ச்சர் வளையத்தில் டக் டக் சத்தம் வரவில்லை. நானே திறந்து பார்க்கலாமா?


திருச்சியிலிருந்து

குழாய் சரிதான் தம்பி. 42 மிமீ மரை லென்ஸுக்கு, மாட்டும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மிமீ தூரம் வேண்டும். நடுவே பிம்பம் காட்டும் கண்ணாடி, அதாவது மிரர், ஆட இடம் விட்ட காலத்துக் கணக்கு அது. சோனி மிரர்லெஸ்ஸில் அந்தத் தூரம் 18 மிமீதான். மிச்சத்தை நிரப்புவதுதான் அந்தக் குழாயின் வேலை.

டக் டக் வராததற்குப் பெரும்பாலும் ஒரு சின்ன இரும்புக் குண்டுதான் காரணம். யாரோ முன்னால் திறந்தபோது தொலைத்திருப்பார்கள், இல்லையென்றால் கிரீஸில் ஒட்டிக்கொண்டு எழும்பாமல் இருக்கும். திறக்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைப் போடாதீர்கள். ஜப்பான் ஸ்க்ரூவின் பள்ளம் வேறு மாதிரி, தலை சிதைந்துவிடும். ஜப்பான் தர அளவான ஜேஐஎஸ் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளைத் துண்டை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். வளையம் கடைசி மரையில் இருக்கும்போது லென்ஸைத் துண்டுக்கு ஒட்டிப் பிடியுங்கள், குண்டு அப்போதுதான் துள்ளும். ஒன்றரை மிமீகூட இருக்காது, ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குண்டு கிடைத்ததா இல்லையா என்று எழுதுங்கள். இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.